ஸ்னாப்பர்களின் பக்கம் நின்று

(பெங்களூர் அல்சூரில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'ஸ்னாப்பர்' என்று ஒற்றைச் சொல்லைத் தலைப்பாகப் போடச் சொன்னது நான்தான். அமைப்பாளர் போனில் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஐயா, மீனைப் பத்தியா பேசப் போறீங்க?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ரஸ்ஸல் மார்க்கெட்டில் போய் ரெட் ஸ்னாப்பர் வேண்டும் என்றால் ஒரு கடைக்காரர் சங்கராவைக் காட்டுவார், அடுத்தவர் செப்பிலியைக் காட்டுவார். இரண்டும் வேறு வேறு மீன்; ஓட்டல் மெனு அட்டைக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியாது. அமெரிக்கக் குளங்களில் விரலை நீட்டினால் கவ்விவிடும் ஆமைக்கும் இதே பெயர்தான். டப்ளின் நகரத்தில் கைக்குழந்தையை ஸ்னாப்பர் என்பார்கள். ராடி டாயில் 1990இல் எழுதிய நாவலுக்கு அதுவே தலைப்பு. லண்டன் பத்திரிகை அலுவலகங்களில் ஸ்னாப்பர் என்றால் போட்டோகிராபர்.

நான் பேச வந்தது இந்தக் கடைசி ஆளைப் பற்றி. அதிலும் சம்பளம் வாங்காத ஆளைப் பற்றி. கேமரா சங்கங்களில் 'ஸ்னாப்பர்' என்பது பாராட்டு அல்ல. வெளிச்சம் பார்க்கத் தெரியாதவன், சட்டத்துக்குள் தலையை வெட்டிவிடுகிறவன், பின்னால் நிற்கும் விளக்குக் கம்பத்தை மாமாவின் தலையிலிருந்து முளைக்க வைக்கிறவன் என்று பொருள். அவனுக்காக வாதாடத்தான் இன்று வந்திருக்கிறேன். எதிர்த்தரப்பில் இருப்பவர்கள் சாமானியர்கள் இல்லை, மகா கலைஞர்கள். ஆகவே அவர்களுக்கு உரிய மரியாதையை முதலில் செலுத்திவிடுகிறேன்.

ஸ்னாப் ஷாட் என்பது வேட்டைக்காரர்களின் பேச்சு. புதரிலிருந்து திடீரென்று பறவை எழும்புகிறது. குறி பார்க்க நேரமில்லை. துப்பாக்கியைத் தூக்கிய கையோடு சுடுகிறான். அந்த வெடிதான் ஸ்னாப் ஷாட். 1860இல் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் இந்தச் சொல்லைப் புகைப்படத்துக்கு இரவல் வாங்கினார். பத்தில் ஒரு நொடிக்குள் ஒரு படத்தை எடுத்துவிட முடிந்தால் எப்படியிருக்கும் என்று அவர் கனவு கண்டுகொண்டிருந்த காலம் அது. கனவு என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதற்கு இரண்டே வருஷம் முன்பு, இதே பெங்களூரிலிருந்து கிளம்பிப் போன ஒருவர் தஞ்சாவூரில் ஒவ்வொரு படத்துக்கும் கேமராவின் மூடியைத் திறந்துவைத்துவிட்டு நிமிஷக் கணக்கில் காத்து நின்றிருக்கிறார்.

அவர் பெயர் லின்னேயஸ் ட்ரைப். சென்னை ராணுவத்தில் அதிகாரி. 1854இல் அவருடைய படைப்பிரிவு பெங்களூர் கண்டோன்மெண்டில் இருந்தது. அந்த டிசம்பரில், யாரும் கேட்காமல், யாரும் காசு கொடுக்காமல், கேமராவைத் தூக்கிக்கொண்டு ஹளேபீடுக்கும் பேலூருக்கும் போனார். அந்தப் படங்களை 1855இல் சென்னையில் நடந்த கண்காட்சிக்கு அனுப்பினார். முதல் தரப் பதக்கம் கிடைத்தது. பெங்களூரின் அமெச்சூர் போட்டோகிராபி வரலாற்றை யாராவது எழுதினால் அந்த டிசம்பரில் தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம். பிறகு அவரை அரசாங்கமே சென்னை மாகாணத்தின் போட்டோகிராபராக நியமித்தது. 1857இன் இறுதியில் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு இங்கிருந்து புறப்பட்டார். ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். மெழுகு பூசிய காகித நெகட்டிவில் இந்த வேலையைச் செய்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. அவருடைய படங்களில் பெரும்பாலும் ஆள் நடமாட்டமே இருக்காது. கோயில் வெறிச்சோடிக் கிடந்தது என்று அர்த்தமில்லை. மூடி திறந்திருந்த அத்தனை நேரமும் நகராமல் நின்றவை கற்கள் மட்டுந்தான். நடந்துபோனவர்கள் படத்தில் பதியாமலே போய்விட்டார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், வழக்குக்கு உதவும்.

சில வருஷத்திலேயே சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெலியன், இருக்கிற நிதி நிலைமையில் போட்டோ எல்லாம் ஆடம்பரம் என்று சொல்லி ட்ரைப்பின் பணியை நிறுத்திவிட்டார். கஜானா காலியானால் எந்த அரசாங்கமும் முதலில் கைவைக்கும் இடம் அதுதானே.

ட்ரைப் பெங்களூரிலிருந்து தஞ்சைக்குப் போனவர் என்றால், தஞ்சையிலிருந்து பெங்களூருக்கு வந்தவர் டி.என்.ஏ. பெருமாள். 1932இல் தஞ்சாவூரில் பிறந்தவர். 2017இல் இந்த ஊரில் காலமானார். இந்தியக் காட்டுயிர்ப் புகைப்படக் கலையில் முதல் வரிசைப் பெயர்களில் ஒன்று. சர்வதேசப் புகைப்படக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.பி. தரும் 'மாஸ்டர்' பட்டம் பெற்றவர். அவருக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் பெங்களூரிலேயே இருந்த ஓ.சி. எட்வர்ட்ஸ். பெருமாளிடம் கற்றுக்கொண்டவர்களோ ஏராளம். காட்டுயிர்ப் படம் எடுக்கிற இன்றைய பெங்களூர்க்காரர் ஒருவரிடம் குரு பரம்பரை கேட்டுப் பாருங்கள். இரண்டு படி ஏறினால் பெருமாளிடமோ இ. ஹனுமந்த ராவிடமோ போய் நிற்கும்.

இவர்களைச் சுற்றிச் சங்கங்கள் இருந்தன. மைசூர் போட்டோகிராபிக் சொசைட்டி இருந்தது. அகில இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் ஜி. தாமஸ் பெங்களூர்க்காரர். இந்தியப் புகைப்பட வரலாற்றை 1840 முதல் 1980 வரை தொகுத்து 1981இல் புத்தகமாகக் கொண்டுவந்தவரும் அவர்தான். 1971இல் யூத் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். வேட்டைக்காரனின் சொல்லைப் புகைப்படம் இரவல் வாங்கியது என்றேன். இந்தப் பக்கத்தில் வேட்டைக்காரர்களே கேமராவுக்கு மாறிவிட்டார்கள். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட கதைகளால் பெயர் பெற்ற கென்னத் ஆண்டர்சன் பெங்களூர்வாசி. பிற்காலத்தில் அவரும் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவோடு காட்டுக்குப் போனார். 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே வருஷம் கர்நாடகத்தின் நிதியமைச்சரானவர் சண்டூர் அரச குடும்பத்து எம்.ஒய். கோர்படே. பட்ஜெட் போட்ட நேரம் போக மீதி நேரத்தில் காட்டில் கேமராவோடு உட்கார்ந்திருந்த மனிதர். 1983இல் வந்த அவருடைய 'சன்லைட் அண்ட் ஷேடோஸ்' புத்தகத்தின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

சண்டூர் என்றதும் தமிழர்களான நமக்கு இன்னொருவர் ஞாபகம் வர வேண்டும். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1940களில் அந்தச் சமஸ்தானத்தில் வேலை பார்த்தார். ஆசிரியராகவும் நீதிபதியாகவும் அரசரின் செயலாளராகவும் அங்கே பல வேஷம் போட்டவர். ஒரு கேமராவின் உடம்பும் இன்னொன்றின் லென்ஸும் சேர்த்துக் கட்டி, அந்த விசித்திர ஜந்துவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு யானைகளின் பின்னால் நடந்தார். கலர் பக்கமே போகவில்லை. 1950 முதல் 1996இல் இறக்கும் வரை 'ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகையில் அவருடைய பத்தி வந்துகொண்டிருந்தது. பதக்கம், சங்கம், போட்டி எதுவும் இல்லாமலே ஒரு அமெச்சூர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அவரைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

இவர்கள் அத்தனை பேரும் காத்திருக்கத் தெரிந்தவர்கள். ஸ்னாப்பருக்கு நேர் எதிர். மறைவுக் கூடாரத்துக்குள் கொசுக்கடியில் நாள் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு படத்தோடு திரும்பி வருகிறவர்கள். அவர்களுடைய ஒழுக்கமும் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு காலத்தில் கூட்டில் குஞ்சுக்கு இரை ஊட்டும் பறவைதான் மேலான பாடம். இன்று கூட்டுப் படத்தைப் பல போட்டிகள் வாங்குவதே இல்லை. தாய்ப்பறவை பயந்து கூட்டை விட்டுப் போய்விடக் கூடும் என்று உணர்ந்து, தாங்களே போட்டுக்கொண்ட தடை.

சரி, மரியாதை முடிந்தது. இனி வழக்கு.

சலூன் என்று சொல்வார்கள். முடிவெட்டும் கடை இல்லை, புகைப்படப் போட்டிக் கண்காட்சி. பெரிய பிரிண்ட் போட்டு, அட்டையில் ஒட்டி, தபாலில் நாடு நாடாக அனுப்புவார்கள். தேர்வாகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு லேபிள் முதுகில் ஏறும். அப்படிப்பட்ட பழைய பிரிண்ட் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். எந்தெந்த நாட்டில் காட்டினார்கள் என்று தெரியும். எந்த ஊரில் எடுத்தார்கள் என்று தெரியாது. தலைப்பு 'முதுமை' என்றிருக்கும். அந்தக் கிழவியின் பெயர் இருக்காது. 'வீடு திரும்பும் வேளை' என்றிருக்கும். எந்த வீடு, எந்தச் சாலை, எந்த வருஷம் என்று இருக்காது. பனி படர்ந்த காலை, மாட்டு வண்டி, புழுதியில் இறங்கும் சூரியக் கதிர். அழகுதான். பெல்ஜியத்தில் உட்கார்ந்திருக்கும் நடுவருக்கும் புரிகிற அழகு. அதுதான் குறையும். ஊர்ப் பெயரைக் கழுவிவிட்டால்தான் அந்த அழகு கடல் தாண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நம்முடைய அமெச்சூர் மேதைகள் ரங்கனதிட்டுக்கும் பந்திப்பூருக்கும் போய்விட்டார்கள். இதே காலத்தில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு நகரம் முழுசாக மாறிக்கொண்டிருந்தது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் மெஜஸ்டிக் பஸ் நிலையம் வந்தது. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆனது. கரக விழாவின் சடங்குக்கென்று ஒரு குட்டை மட்டும் மிச்சம். அந்தக் கரகத்தை நடத்துகிற திகளர்கள் தமிழ் வேர் கொண்டவர்கள் என்பதை இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. எம்.ஜி. ரோட்டில் பரேட் மைதானத்துப் பக்கம், போகன்வில்லா நிழலில் ஒரு நடைபாதை இருந்தது. மெட்ரோ வந்ததும் போயிற்று. 2011 அக்டோபரில் முதல் ரயில் அதன் மேலே ஓடியது.

இந்த நகரத்தைப் படம் எடுத்தவர் யார்? டி.எஸ். சத்யன் போன்ற பத்திரிகைக்காரர்கள் எடுத்தார்கள். மைசூரில் பிறந்து, சாதாரண மனிதர்களையே கடைசிவரை எடுத்தவர் அவர். அவருக்கு என் வணக்கம். ஆனால் ஒரு ஊருக்கு எத்தனை சத்யன் கிடைப்பார்கள்? மீதியையெல்லாம் எடுத்தவர் நம்முடைய ஸ்னாப்பர்தான். அதுவும் தெரியாமல் எடுத்தார்.

அவர் கையில் இருந்த கருவியைப் பார்ப்போம். கோடாக் கம்பெனி 1888இல் பொத்தானை அழுத்தினால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி வியாபாரம் தொடங்கியது. நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு அந்த வசதி வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. பரோடாவில் செய்த ஆக்ஃபா கிளிக் த்ரீ வந்தது. வெயிலா, மேகமா என்று ஒரு சின்னப் பிடியைத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். ரோலுக்கு 12 படம். ஊட்டியில் 1960இல் அமைந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் உள்நாட்டு ஃபிலிம் கிடைத்தது. ஊட்டியில் இந்து நகர் என்ற பெயர் இன்றும் இருக்கிறது, ஆலை இல்லை. 1980களில் 'கட்டக்' என்ற விளம்பர ஒலியோடு ஹாட் ஷாட் கேமரா வந்தது. நம் வீடுகளில் அப்போதுதான் "ஒரு ஸ்னாப் எடுத்துக்கலாமா?" என்ற பேச்சு சகஜமானது.

12 படம் என்பது சின்ன விஷயம் அல்ல. ரோல் விலை, கழுவும் செலவு, பிரிண்ட் செலவு. பொங்கலுக்குப் போட்ட ரோல் தீபாவளிக்கும் முடியாது. கழுவி வாங்கினால் ஒரே ரோலில் பொங்கல் கரும்பும், நடுவில் நடந்த வளைகாப்பும், ஊரிலிருந்து வந்த தாத்தாவும், தீபாவளி மத்தாப்பும் வரிசையாக இருக்கும். ஸ்னாப்பர் அவசரக்காரன் என்று சங்கத்தார் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இதுவே காரணம். அவரும் காத்திருந்தார். ஒரு வருஷம் முழுக்க, எந்த நாள் ஒரு ஃபிலிமுக்குப் பெறுமானம் என்று யோசித்துக் காத்திருந்தார்.

அப்படிப்பட்ட நாளில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு லால்பாக் போவார். கண்ணாடி மாளிகைக்கு முன்னால் எல்லாரையும் உயர வரிசையில் நிறுத்துவார். அல்லது விதான சௌதா முன்னால். அல்லது அந்த எம்.ஜி. ரோடு நடைபாதை பெஞ்சில். அவர் எடுக்க நினைத்தது மனைவியின் புதுப் புடவையை, மகனின் முதல் கால்சட்டையை. கேமரா கூடவே அள்ளிக்கொண்டு வந்தது வேறு: வேலியில்லாத விதான சௌதா, காலியான சாலை, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் சிவப்பு பி.டி.எஸ். பஸ், கடைப் பலகை, அந்தக் காலத்து மரம். தலையிலிருந்து முளைத்த அந்த விளக்குக் கம்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சலூன் நடுவர் எதைக் குப்பை என்று தள்ளுவாரோ அதுதான் இன்று சாட்சியம். பின்புலத்தை மங்கலாக்கிவிட வேண்டும் என்பது கலைஞனின் விதி. கிளிக் த்ரீக்கு அந்தத் திறமை கிடையாது. அதன் புண்ணியத்தில் முன்னால் நின்ற அத்தையும் பின்னால் இருந்த தெருவும் ஏறக்குறைய ஒரே தெளிவில் கிடைக்கின்றன.

ட்ரைப்பின் படத்தில் நடந்துபோனவர்கள் பதியவில்லை என்றேனே. ஸ்னாப்பரின் படத்தில் அவர்கள்தான் பதிந்திருக்கிறார்கள்.

தங்கவயல் இதற்கு இன்னும் பெரிய உதாரணம். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் பலர் இன்று தினமும் ரயிலேறி பெங்களூர் வந்து வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நிர்வாகம் சுரங்கத்தையும் இயந்திரங்களையும் படம் எடுத்தது. லைன் வீட்டுக்குள் எப்படி இருந்தது, கல்யாணப் பந்தல் எங்கே போட்டார்கள், கால்பந்து அணி எந்தச் சட்டை போட்டது என்பதெல்லாம் எங்கே இருக்கிறது? டிரங்குப் பெட்டி ஆல்பங்களில் இருக்கிறது.

பெங்களூரில் இப்போது கலைக்கும் புகைப்படத்துக்கும் பெரிய இடம் வந்துவிட்டது. கஸ்தூர்பா சாலையில் 2023 பிப்ரவரியில் திறந்த மேப் அருங்காட்சியகத்தில் கலைப்பொருள்களும் படங்களும் 60,000க்கு மேல் இருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் எந்த அருங்காட்சியகமும் நம் அத்தனை பேர் வீட்டு ஆல்பத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளாது. பாட்டி போனதும் வீடு காலி செய்கிற அவசரத்தில் ஆல்பம் பழைய பேப்பர்க் கடைக்குத்தான் போகிறது. ஏன் போகிறது? பாசம் இல்லாமல் இல்லை. உள்ளே இருப்பவர்கள் யார் என்று சொல்ல ஆள் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நம் ஸ்னாப்பரும் சலூன்காரரும் ஒரே குற்றவாளிகள். அங்கேயும் முதுகில் பெயர் இல்லை, இங்கேயும் இல்லை.

கேள்வி கேட்க நேரம் விட வேண்டும், ஆகவே வேலையைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டுக்குப் போய் ஆல்பத்தை எடுங்கள். ஒட்டும் பசைத் தாளும் மேலே பிளாஸ்டிக் உறையும் உள்ள ஆல்பம் என்றால், பலவந்தமாகப் பிய்க்க வேண்டாம். முதலில் பக்கம் பக்கமாக மொபைலில் படம் எடுத்துவிடுங்கள். அந்தப் பசை காலப்போக்கில் பிரிண்டைத் தின்கிறது. 1970, 80களின் கலர் படங்கள் சிவந்துகொண்டே போகின்றன. நீலச் சாயம் முதலில் வெளுப்பதால் வருகிற சிவப்பு அது, நிற்காது. அவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். கறுப்பு வெள்ளை ஓரளவு தாங்கும். நெகட்டிவ் சுருள் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பழைய காகிதப் பிரிண்டின் முதுகில் மெத்தென்ற பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். கலர் பிரிண்டின் வழுவழுப்பான முதுகில் பென்சில் ஓடாது. பால்பாயிண்டால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும். தனித்தாளில் எழுதி, படத்தோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுவிடுங்கள்.

பெயர், உறவு, தெரு, வருஷம். இவற்றோடு இன்னொன்றையும் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். நம் ஆல்பங்களில் அப்பாவோ பெரியப்பாவோ சித்தப்பாவோ ஒருவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று எடு என்று கேமராவோடு வந்த காகிதம் சொன்னது; அதனால் சில படங்களில் அவருடைய நிழல் மட்டும் மனைவி மக்களின் காலடி வரை நீண்டு கிடக்கும். படத்தை எடுத்தவர் யார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.